ரயிலை முந்திய சைக்கிள்

நேற்றுச் சாயங்காலம் நானும் என் மனைவியும் சைக்கிளில் போய் ஒரு எக்ஸ்பிரஸ் ரயிலை முந்தினோம்.

சும்மா ஒட்டி உரசி முந்தவில்லை. இன்ஜின் டிரைவர் வெளியே தலையை நீட்டி எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். என் பல்செட் காற்றில் கழன்று பறக்கப் பார்த்தது. நாக்கால் பிடித்து நிறுத்தினேன்.

இதைச் சொன்னதும் என் மைத்துனன் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"நாலு கியரும் விழுந்துச்சா மாமா?"

"சும்மா பூ மாதிரி விழுந்துச்சு மச்சான்."

அவன் பஸ் ஓட்டுகிறவன். கியர் போட்டுப் போட்டே ஒரு பக்கத் தோள் இறங்கிப் போனவன். காயலான் கடையில் கிடந்த ஒரு செத்த மோட்டார் சைக்கிளின் வயிற்றிலிருந்து என் சைக்கிளுக்கு ஒரு கியர்பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்ததும் அவன்தான். நான் எதைச் சொன்னாலும் நம்புவான்.

எங்கள் குடும்பத்தில் நம்பாதவள் ஒருத்திதான். அவனுடைய அக்கா. கல்யாணமான நாளிலிருந்து நான் விட்ட ஒரு புளுகைக்கூட அவள் முழுசாகத் தப்பிப் போக விட்டதில்லை. "பாதியாக் குறைச்சுக்கோங்க, அப்புறம் அதுல பாதி" என்று வந்தவர்களிடம் என் முன்னாலேயே சொல்லுவாள்.

இப்போது கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள்.

இனி இங்கே வைத்திருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆசைப்பட்டதைச் செய்யுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்ன ஆசை என்று கேட்டேன். இன்னொரு தடவை கேரியரில் உட்கார்ந்து, மூஞ்சியில் காற்றடிக்கப் போக வேண்டும் என்றாள்.

என் முட்டி இருக்கிற லட்சணத்தில் பெடல் நடக்காத காரியம். ஆனால் நான் யார்? இந்த ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்கிய லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் இந்தக் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. அது என் தலையெழுத்து.

பழைய சைக்கிள். உடைந்த பேட்டரி ஸ்கூட்டரின் மோட்டார். மோட்டாரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு செயின், அங்கிருந்து பின்சக்கரத்துக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் உதிரி உதிரியாகப் படியேற்றி, அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கட்டினேன். அவள் படுத்தபடியே மேஸ்திரி வேலை பார்த்தாள். பால்கனியில் நான் வெல்டிங் வைத்த அன்று தீயணைப்பு வண்டி நான்கு வந்து நின்றதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கிளட்ச் மட்டும் கைகொடுக்கவில்லை. கியர் மாற்றும்போது மோட்டாருக்கு ஒரு நொடி மூச்சு விடக் கொடுத்தாக வேண்டும். அதற்கு, அமுக்கினால் மோட்டாருக்குக் கரண்ட் நிற்கிற மாதிரி ஒரு காலிங் பெல் சுவிட்சை ஒயர் நீட்டி அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

"கேளு மச்சான். தலையணையில உட்கார வச்சு, சால்வையால என் இடுப்போட சேர்த்துக் கட்டிக்கிட்டேன். நான் கியர்ங்கறேன், அவ சுவிட்சை அமுக்குறா. ஒண்ணு. ரெண்டு. மூணுல அவ கத்தினா பாரு, தெருவே திரும்பிப் பார்த்துச்சு. நாலுல ரயில் வந்துச்சு."

"அப்புறம் மாமா?"

அப்புறம் பேட்டரி படுத்துவிட்டது. அவளும் படுத்துவிட்டாள். நேற்றிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. சுவிட்சை அமுக்கிய கையைத் தூக்கவும் முடியவில்லை. அதையெல்லாம் அவனிடம் நான் சொல்லவில்லை.

"அப்புறம் என்ன, ரயில் பின்னாடி புள்ளியா மறைஞ்சிருச்சு."

"வண்டி எங்க?"

ஜன்னலோரம் பெட்ஷீட் போர்த்தி வைத்திருந்ததைக் காட்டினேன். அவன் எழுந்து போய், தூங்குகிற குழந்தையின் முகத்திலிருந்து விலக்குகிற மாதிரி மெல்ல விலக்கினான்.

டயரில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

பின்சக்கரம் தரையிலேயே படவில்லை. நான் வெல்டிங் வைத்த இரும்பு ஸ்டாண்டில் ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. ஹேண்டில்பாருக்கு முன்னால் எங்கள் டேபிள் ஃபேன். அதன் பக்கத்தில் எதிர்வீட்டில் இரவல் வாங்கிய இன்னொன்று. ஜன்னலுக்குக் கீழே தண்டவாளம்.

காலம் முழுக்க லிஃப்ட் கூண்டுக்கு இடம் அளந்தவன், வண்டியைக் கட்டி முடித்த பிறகுதான் படிக்கட்டு வளைவை அளந்தேன். வண்டி அதில் திரும்பாது. திரும்பினாலும் அவள் மூன்று மாடி இறங்கத் தாங்குவாளா என்பதை நான் அளக்கவே இல்லை.

மைத்துனன் பின்சக்கரத்தை விரலால் தட்டிவிட்டான். அது வெறுமனே சுற்றியது. நின்ற பிறகும் அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கிப் போன அந்தத் தோள் குலுங்கியது.

"அக்கா," என்றான், திரும்பாமலே. "மாமா சொன்னது..."



கட்டிலிலிருந்து குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. ஆனால் பழைய கறார் அப்படியே இருந்தது.

"முந்தலைடா. புளுகுறாரு. ரயில் எதிர்ல வந்துச்சு."

நான் தலையைத் தொங்கப் போட்டேன். அவள் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வெகுநேரம் ஆனது.

"மத்தபடி, போயிட்டுதான் வந்தோம்."