திறந்து கிடந்த கேட்

"அந்த கேட்டை மூடினது யாரு?"

கிளெனிஸ் இப்படிக் கேட்டபோது டெஸ் அடுப்பில் கொதிக்கும் டீத்தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த கேட்?"

"நடிக்காதே. நான் பின் சீட்டுல தூங்கி எழுந்தப்போ தாண்டி வந்தோமே, அந்த மாட்டுப் பண்ணை கேட். வேலிக்கு அந்தப் பக்கம் மாடுங்க முட்டிக்கிட்டு நின்னு கத்துச்சுங்க. தண்ணித் தொட்டி இந்தப் பக்கம். நாம வந்தப்போ கேட் திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

டெஸ் திரும்பிப் பார்த்தான். லோர்னா தூரத்தில் குனிந்து, தடவித் தடவிச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"திறந்துதான் இருந்துச்சு."

"அப்போ மூடினது?"

"நான்தான்."

கிளெனிஸுக்கு வந்ததே கோபம்!

"அறிவிருக்கா உனக்கு? திறந்திருந்தா திறந்தபடி விடணும், மூடியிருந்தா மூடிட்டுப் போகணும். இது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நீ பண்ணையில பிறந்து வளர்ந்தவனாம், வெளியில சொல்லிக்காதே! அதுங்க தண்ணிக்கு வரத்தானே திறந்து வச்சிருக்காங்க? இந்த வெயில்ல நாளைக்குள்ள எத்தனை கன்னு சாகும்?"

"தெரியும்."

"தெரியுமில்ல? வண்டியைத் திருப்பு."

"முடியாது. முதல்ல ஏரி."

கிளெனிஸ் போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை. வண்டி ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தாள். கரகரவென்ற சத்தம்தான் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்மண்ணும் புதரும்தான், ஒரு வீடு கிடையாது.

ஏரி என்றால் சாதாரண ஏரி இல்லை. பல வருஷமாக வெறும் உப்பாகக் கிடந்தது, வடக்கே பெய்த மழையில் இந்த வருஷம் நிரம்பியிருக்கிறது. லோர்னாவுக்கோ கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. அடுத்த வருஷம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அந்தத் தண்ணியை ஒரு தடவை பார்த்துடறேன், அப்புறம் போனா போகட்டும்" என்று அவள் ஒற்றைக் காலில் நின்றதால்தான் சிநேகிதர்கள் மூன்று பேரும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள்.

நாளைக்கு மழையாம். மழை பெய்தால் இந்த மண் ரோட்டை மூடிவிடுவார்கள். இப்போது கேட்வரை திரும்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாது, ஏரி அவ்வளவுதான்.

கிளெனிஸுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனாலும் மாடுகள் கத்திய சத்தம் காதிலேயே இருந்தது.

"லோர்னாகிட்டயே கேட்போம். அவ திருப்புன்னுதான் சொல்லுவா."

டெஸ் சட்டென்று அவள் கையைப் பிடித்தான். "அவ காதுல இது விழவே கூடாது."

"ஏன், மானம் போயிடுமோ?"

"ஆமா. போயிடும்."

"நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்றாள் கிளெனிஸ். டீயைக் குடிக்காமலே கீழே கொட்டினாள்.

அதற்கப்புறம் வேலியும் இல்லை, கேட்டும் இல்லை. டெஸ் எங்கேயும் நிறுத்தவில்லை. "ஒரு போட்டோ" என்று லோர்னா கெஞ்சியதற்குக்கூட நிறுத்தவில்லை. குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி எலும்பெல்லாம் கழன்றதுபோல் ஆடியது. கிளெனிஸ் ஜன்னலோடு மட்டும் பேசிக்கொண்டு வந்தாள்.

வெயில் சாயும் நேரத்துக்கு ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள்.

தண்ணீர் இளஞ்சிவப்பாக மின்னியது. கூழைக்கடாக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கின. லோர்னா செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் நின்றாள்.

"தெரியுதுடி! கிளெனிஸ், எனக்குத் தெரியுதுடி!" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். கிளெனிஸும் அழுதாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு மாடுகள் மறந்துதான் போயின.

திரும்பிப் பார்த்தால், டெஸ் கூடாரம், தண்ணீர்க் கேன், சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தான்.

கிளெனிஸ் அருகில் போனாள். "எங்கே கிளம்பிட்டே?"

"கேட்டைத் திறக்க. மழைக்கு முன்னாடி வந்துடுவேன். அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா, இதோ பக்கத்துல கேரவன் வண்டியில வந்து தங்கியிருக்கவங்க இருக்காங்க, பார்த்துப்பாங்க. லோர்னா கேட்டா, ஸ்பானரை டீ போட்ட இடத்துல விட்டுட்டேன்னு சொல்லு."

"ஏரியை ஒரு நிமிஷம் பார்த்துட்டாவது போயேன்."

"மாடுங்க நிக்குது."

"போ, போ. செஞ்ச தப்புக்கு நீதானே அலையணும்" என்றாள் கிளெனிஸ். கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

லோர்னா மெல்ல நடந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எங்கே போறான்?"

"ஸ்பானரை விட்டுட்டானாம்."

"பாவம்டி, நாள் பூரா அவன்தான் ஓட்டினான். நானும் சும்மா வரலை, தெரியுமா? முன் சீட்டுல உட்கார்ந்தவங்கதானே இறங்கி கேட்டைத் திறந்து மூடணும்? நீ தூங்கிட்டே வந்தே. காலையிலேர்ந்து எல்லா கேட்டும் நான்தான். டெஸ் ஒரு தடவைகூட சீட்டை விட்டு இறங்கலை. கண்ணு போனவள்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல?"

கிளெனிஸ் அவளையே பார்த்தாள்.

"ஒரு கேட்டை எவனோ மடையன் பப்பரப்பான்னு திறந்து போட்டுட்டுப் போயிருந்தான். நாங்க தாண்டியே வந்துட்டோம். நான்தான் வண்டியை நிறுத்தச் சொல்லி, திரும்ப நடந்து போய், நல்லா இழுத்து மூடி, சங்கிலியும் மாட்டிட்டு வந்தேன். சரிதானே?"

புழுதி போன திசையைப் பார்த்துக்கொண்டே கிளெனிஸ் சொன்னாள்: "ரொம்ப நல்ல காரியம் பண்ணினேடி."