நீலப் பொட்டு

சாயங்காலம் ஐந்தரைக்கு, தார் சோதனைக் கூடத்தின் கதவை எட்டி உதைத்தார் கான்ட்ராக்டர். நெடுஞ்சாலை வேலைக்குப் போட்டியிட்ட அவருடைய தாரும் இன்னொருவருடைய தாரும் மேசைமேல் இருந்தன. ஒரு டப்பாவில் நீலப் பொட்டு, இன்னொன்றில் சிவப்பு. எது யாருடையது என்று சோதிப்பவருக்கே சொல்லமாட்டார்கள்.

"எதுய்யா தேறல?"

"நீலம் சார். வெயில்ல இளகுது. லாரி போனா ரோட்டுல பள்ளமா தடம் விழும்."

அது தன்னுடையதுதான் என்று கான்ட்ராக்டர் முடிவுகட்டினார். தன் தாரில் கழிவு எண்ணெய் கலக்கும்படி மச்சினனிடம் சொன்னவரே அவர்தான். சோதனைக்காரரின் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார். பல் தெறித்தது.

"நீலம் தேறிச்சு, சிவப்பு தேறலன்னு அனுப்புடா!"

"மாட்டேன் சார்."

சோதனைக்காரரின் வலது கையை, தாரைச் சூடாக்கும் அடுப்பின் கதவிடுக்கில் வைத்து ஓங்கிச் சாத்தினார். இரண்டாம் முறை எலும்பு முறிந்தது. சோதனைக்காரர் இடது கையால் கணினியில் அப்படியே தட்டி அனுப்பிவிட்டுத் தரையில் சரிந்தார்.

"இனிமே மாத்த முடியாதே?"

"யாராலயும் முடியாது சார்."

கான்ட்ராக்டர் சட்டையில் தெறித்த ரத்தத்தைத் துடைத்தபோது மச்சினன் ஓடி வந்தான்.

"ஐயோ மாமா, எதுக்கு இந்த வெறி? எண்ணெய் கலக்க எனக்குப் பயமா இருந்துச்சு. நல்ல தாரைத்தான் அனுப்பினேன்!"

தரையில் கிடந்த சோதனைக்காரர் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"அப்போ நான் தேறலன்னு அனுப்பினது உங்க தாரையா சார்?"