பூ கட்டத் தெரியாத டாக்டர்

"பூ கட்டத் தெரியாத பொம்பள, உன் வயித்துல தையல் போடப் போறாங்களாம்! எழுந்திரு லோகா, ஊட்டுக்குப் போலாம்."

மோகன் கட்டிலுக்கு அடியில் இருந்த பையை வெடுக்கென்று இழுத்தான். லோகநாயகி பதறிப்போனாள்.

"இன்னாய்யா ஆச்சு உனுக்கு? நாளைக்குக் காலைல ஆபரேசன்னு இப்பதான சொல்லிட்டுப் போனாங்க?"

"அதான் சொல்றேன். வேற ஆசுபத்திரி பாத்துக்கலாம்."

மனுஷன் சும்மா குதிக்கவில்லை. லோகாவுக்குக் கிட்னியில் கட்டி. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைத்துக் காப்பாற்றிவிடலாம், ரோபோ வைத்துச் செய்தால் சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் கலைவாணி சொல்லித்தான், மேனாம்பேட்டிலிருந்து இந்தப் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

டாக்டர் மூலையில் உட்கார்ந்து பிடியை ஆட்டுவாராம், ரோபோவின் கை உள்ளே போய்த் தைக்குமாம். கேட்டதிலிருந்தே மோகனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. செம்பரம்பாக்கம் குடோனில் பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன் அவன். பெட்டி நசுங்குவது லீவரைப் பிடித்திருக்கும் கைக்குத் தெரியவே தெரியாது. சத்தம் கேட்டால்தான் உண்டு. லோகா வயிற்றுக்குள் எது நசுங்கினாலும் சத்தமா கேட்கும்?

அதோடு விட்டதா? "ரோபோவுக்குப் புதுசா ஒரு கை வந்திருக்கு, நாலு நாள் பொறுங்க" என்று ஆபரேஷனைத் தள்ளி வேறு போட்டார் டாக்டர்.

அன்றிலிருந்து கூத்துதான். சாயந்திரமானால் நர்ஸ் ஜெபா ஒரு கவர் நிறைய உதிரி மல்லியோடு மாடிக்குப் போவாள். கொஞ்ச நேரம் கழித்து ஆயாம்மா கமலம் பக்கெட்டோடு இறங்கி வருவாள். பக்கெட்டில் அத்தனையும் காம்பு அறுந்த பூ.

நேற்று கேட்டே விட்டான்.

"இன்னாக்கா, இத்தினி பூவையும் நாசம் பண்ணிவச்சிகீறாங்க?"

"டாக்டரம்மா பூ கட்டிப் பழகுறாங்கப்பா. வரமாட்டேங்குது, பாவம்" என்று சிரித்தாள் கமலம்.

பாவமாம், பாவம்! இங்கே ஒருத்தி பயத்தில் தூக்கமில்லாமல் கிடக்கிறாள். அங்கே அந்த அம்மாவுக்குக் கொண்டையில் வைக்கப் பூ கேட்கிறதாக்கும்! அடக்கி அடக்கி வைத்ததுதான், நாளைக்கு ஆபரேஷன் என்றதும் இப்படி வெடித்துவிட்டது.

"போய் அவங்களையே கேட்டுட்டு வா. கேக்காம நான் கட்டில உட்டு எறங்க மாட்டேன்" என்றாள் லோகா.

"கேக்கறேன். எனக்கு இன்னா பயம்?"

விடுவிடென்று மாடி ஏறினான். பயிற்சி அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே டாக்டர் கலைவாணி ஒரு பெட்டிக்குள் கண்ணைப் புதைத்து உட்கார்ந்திருந்தார். விரல்கள் இரண்டு பிடிகளில் இருந்தன. பூ அவர் கையில் இல்லை.

பூ எதிர் மேசையில் இருந்தது. ரோபோவின் ஒல்லிக் கைகள் இரண்டும் ஒரு மல்லியை மெதுவாக எடுத்து வைத்து, நூலைச் சுற்றி, முடிச்சை இறுக்கின.

மோகன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

டாக்டர் நிமிர்ந்தார். "வாங்க மோகன். நாளைக்கு ஆபரேஷனை நினைச்சு பயமா?"

"இல்ல மேடம்... பூ..."

"பழைய கையில நூல் எவ்வளவு இறுகுதுன்னு எனக்குத் தெரியாது. கண்ணால பார்த்துத்தான் இழுப்போம். இந்தப் புதுக் கை அதை விரலுக்குத் திருப்பிச் சொல்லும். இங்க விரலை வைங்க, மெதுவா இழுங்க."

வைத்தான். இழுத்தான். அட! எதிர் மேசையில் நூல் இறுக இறுக, அந்தப் பிடி அவன் விரலைத் திருப்பி இழுத்தது. நூலையே பிடித்திருப்பது போல இருந்தது. ஆர்வத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்தான். காம்பு அறுந்து பூ கீழே விழுந்தது.

"ஐயோ, சாரி மேடம்!"

"முதல் நாள் எனக்கும் இதே கதிதான். கை சொன்னாலும் கேக்கப் பழகணுமே! கம்பெனிக்காரங்க குடுத்த ரப்பர்ல சுலபமா தையல் வந்துடுச்சு. ரப்பர் எதையும் தாங்கும், பூ தாங்காது. உங்க சம்சாரத்துக்குக் கட்டி இருக்கிற இடம் மோசம். கொஞ்சம் அதிகமா இறுகினா நூல் கிட்னியை அறுத்துடும், தளர்ந்தா ரத்தம் கசியும். அதான் பூவுல பழகினேன்."

மோகன் குனிந்து அறுந்த பூவை எடுத்தான். "இன்னிக்கு எத்தினி அறுந்திச்சு மேடம்?"

"இப்ப நீங்க அறுத்தீங்களே, அது ஒண்ணுதான்" என்று சிரித்தார் டாக்டர். "அதனாலதான் நாளைக்கு ஆபரேஷன்னு தைரியமா சொல்லி அனுப்பினேன்."

கட்டின சரத்தை நறுக்கி அவனிடம் நீட்டினார். "அவங்களுக்கு வச்சு விடுங்க. காலையில மறக்காம எடுத்துடணும்."

மோகன் கீழே இறங்கி வந்தான். பையை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினான். லோகாவின் பின்னலில் பூவைச் செருகும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னாய்யா, சண்டை போடப் போய் பூ வாங்கினு வந்துகீறே?" லோகா சரத்தை முன்னால் இழுத்து விரலால் தடவினாள். "யாருய்யா கட்டினது? இத்தினி நெருக்கமா கட்டிகீது, ஒரு காம்புகூட நசுங்கல!"

மோகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்.

"நாளைக்கு உன் வயித்துல தையல் போடப் போற கை."