தலை உட்கார்ந்தாச்சு

இரும்பு உத்திரம் ஒன்று கிரேன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இரும்புத் தூணோடு சேர்க்க வேண்டும். தூணோ உள்ளே ஒன்றுமில்லாத, நாலு பக்கமும் அடைத்த பெட்டி.

"நான் வரேன். பாலத்தையே தாங்கினவன்," என்றது பெரிய போல்ட்.

"உள்ள உன் நட்டை யார் பிடிக்கிறது? கையே நுழையாது," என்றது தூண். போல்ட் ஒதுங்கிக்கொண்டது.

அடுத்து வந்த போல்ட், வெளியிலிருந்து முடுக்கினாலே உள்ளே இறக்கை விரிக்கும் வகை. பளபளவென்று ஓட்டையில் நுழைந்தது. ஆட்கள் முடுக்கினார்கள். போல்ட்டின் தலை உத்திரத்தின் மேல் அழுந்தி உட்கார்ந்தது.

"தலை உட்கார்ந்தாச்சு, கொக்கியை விடுங்க! தொங்கித் தொங்கி இடுப்பு விட்டுப்போச்சு," என்றது உத்திரம்.

"விடாதீங்க," என்றது தூண். "இவன் குட்டை. நம்ம ரெண்டு பேர் தடிமனையும் தாண்டல. இறக்கை ஓட்டைக்குள்ளயே சிக்கிக்கிச்சு."

"வெளிய பார்த்தா நல்லாத்தானே இருக்கு?"

"கீழ ஆளுங்க நிக்கிறாங்க. கழட்டுங்கன்னா கழட்டுங்க."

அதே தலையோடு, நீளமான இன்னொரு போல்ட் வந்தது. இருவரின் தடிமனையும் கேட்டுவிட்டுத்தான் நுழைந்தது. உள்ளே இறக்கை விரிந்து சுவரைக் கவ்வியது. கொக்கி விலகியது. உத்திரம் இம்மியும் அசையவில்லை.

மறுபக்கம் அடுத்த உத்திரம் வந்து தொங்கியது. போல்ட்டை முடுக்கியதுமே, "தலை உட்கார்ந்தாச்சு, விடுங்க!" என்று கத்தியது.

"சும்மா இரு," என்றது முதல் உத்திரம். "தூண் சொல்லட்டும்."