சேலை மாற்றும் நேரம்

சேலையை அவிழ்த்துவிடுங்கள் என்று ரோஸ்லின் மேடம் சொன்னபோது, கேமரா மாணவி ஒருத்தியின் கையில் இருந்தது.

துணி மூடியிருந்தால் கல் சரியாகப் பதியாதாம். சுற்றிச் சுற்றி எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றினால், அது எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்துக் கல்லைத் திரையில் அப்படியே நிறுத்துமாம். வரலாற்று வகுப்பில் ஒரு வாரமாக இதுதான் பாடம்.

சேலை சுற்றிய அந்தக் கல்லில் ஒரு பெண். தூக்கிய வலக்கை. கணவனோடு தீயில் இறங்கியவளுக்கு நட்ட கல் என்றார் மேடம்.

கேமரா வைத்திருந்தவளின் வீட்டில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் வீரமாத்தி. குலசாமி.

இதைப் பற்றி அவள் வகுப்பில் மூச்சு விட்டதில்லை. சொன்னால் நவநீதன் சிரிப்பான். சிரிக்க அவனுக்குக் காரணம் வேண்டியதில்லை, வாய் இருந்தால் போதும்.

அந்த நவநீதன்தான் இப்போது சேலை முடிச்சில் கை வைத்தான்.

"எங்க சாமிங்க மேடம்," என்றாள். "பொம்பளைங்க மறைப்புப் புடிச்சுத்தான் சேலை மாத்துவோம். யாரும் பாக்கக் கூடாதுங்க."



நவநீதன் கையை எடுத்துவிட்டான்.

மேடத்துக்கு முகம் சுருங்கிப்போனது. பாவம், அவர் என்ன கண்டார்? பையன்களை வேப்பமரத்துப் பக்கம் விரட்டி, முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். பெண்கள் துப்பட்டாக்களை விரித்துச் சுற்றி நின்று, வெளிப்பக்கம் பார்த்தார்கள். ஒரு முனையை மேடமும் பிடித்துக்கொண்டார்.

உள்ளே அவள் ஒருத்திதான்.

மன்னிச்சுக்க தாயி என்று முணுமுணுத்துக்கொண்டே சேலையை அவிழ்த்துப் படம் எடுத்தாள். மேலே, கீழே, சுற்றிலும்.

பிறகு சேலையைக் கட்டிவிட்டாள். கொசுவத்தைச் சரிசெய்தாள். மனம் கேட்காமல், கட்டிய கோலத்திலும் ஒரு சுற்று எடுத்தாள். அந்தப் படங்களை யாரும் கேட்கவில்லை.

"ஆச்சா?" மரத்தடியிலிருந்து நவநீதன்.

"ஆச்சு. திரும்பலாம்."

அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் கணினி அறை.

அவள்தான் படங்களை ஏற்றினாள். கணினி தைக்கத் தொடங்கியது. மேடம் புரொஜெக்டரைப் போட்டு விளக்கை அணைத்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நேற்று துப்பட்டா பிடித்து மறைத்தது, இன்று சுவர் அகலத்துக்கு வரப்போகிறது. நாளை கல்லூரியின் இணையதளத்தில். விரலால் திருப்பித் திருப்பி ஊர் உலகமே பார்க்கும். அவ்வளவு பேசியவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

துணி மூடிய கல்லுக்கு மதிப்பெண் கிடையாது என்று மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

சுவரில் தூக்கிய கை வந்தது.

தோள் வந்தது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நிறுத்தவும் கை வரவில்லை.

பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம்.

நவநீதன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அவனிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவன் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தான். பிறகு அவனும் திரும்பினான்.

ஒவ்வொருவராக.

மேடம் சுவரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மெல்ல எழுந்து அவரும் திரும்பி நின்றார்.

அறை முழுக்க முதுகுகள்.

சுவரில் வீரமாத்தி முழுசாக நின்றாள். பார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ஆச்சா?" என்றான் நவநீதன், நேற்றைப் போலவே.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரும் கேட்காத அந்தப் படங்களைத் தேடித் திறந்தாள்.

"இருங்க," என்றாள். "சேலை கட்டிட்டு இருக்கறேன்."