பிளாஸ்க்கோடு நிற்பவள்

திறப்பு விழாவுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. புதுப் பெயின்ட் நெடி அடிக்கும் கண்காட்சிக் கூடத்தில், விளக்கு வெளிச்சம் விழும் பெரிய புகைப்படத்தின் முன்னால் என் அக்கா நிற்கிறாள். படத்தில் மேசைக்கு இருபுறமும் எதிரெதிர்ப் படைகளின் தளபதிகள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே பிளாஸ்க்கோடு நிற்பவள் அக்கா. கீழே ஒட்டிய சீட்டில் அவர்களுக்குப் பெயர், பதவி, 'போரை நிறுத்திய மாமனிதர்கள்' என்ற பட்டம். கடைசியில், 'தேநீர் கொடுக்கும் பெண்'. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போரை நிறுத்திய ஒப்பந்தத்தை வரிக்கு வரி எழுதியவள் இவள். பிளாஸ்க்கின் அடிமூடிக்குள் அதைச் சுருட்டி வைத்து, இரு தரப்புக்கும் இடையே பதினான்கு தடவை சோதனைச்சாவடி தாண்டியவள். கண்காட்சிப் பொறுப்பாளர் கையைப் பிசைகிறார். "படத்துல அப்படித்தானேம்மா தெரியுது? வேணும்னா 'அமைதியின் தாய்'னு போட்டுடறேன்." "இதை நான் பெத்துப் போடலை. உக்காந்து எழுதினேன்." அக்கா நகத்தால் சீட்டின் மூலையைக் கிளப்பி இழுக்கிறாள். பசை காயாத சீட்டு, தளபதிகளின் பெயர்களோடு சேர்ந்து முழுசாக உரிந்து வருகிறது. "ஐயோ, அவங்க யாருன்னு தெரியாமப் போயிடுமேம்மா!" என்று பொறுப்பாளர் பதறுகிறார். அக்கா அதைக் கசக்கி அவர் சட்டைப்பையில் திணிக்கிறாள். "'டீக்குக் காத்திருக்கும் ரெண்டு ஆம்பளைங்க'ன்னு எழுதுங்க. படத்துல அப்படித்தானே தெரியுது?"