டாக்டரின் கையெழுத்து

முதலில் துரோகம் செய்தது டாக்டர்தான். பன்னிரண்டு வருஷமாகியும் பள்ளி வேன் ஓட்டும் பெரியவர் அதை மறக்கவில்லை. காசை வாங்கிக்கொண்டு யாருக்கோ ஒரு கையெழுத்தைப் போட்டார் மனுஷன். அதனால் பெரியவரின் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது. இன்றுவரை 'மன்னிச்சுக்குங்க' என்று ஒரு வார்த்தை வரவில்லை.

அந்த ஆள் முகத்தில் முழிக்கக் கூடாது என்றுதான் இருந்தார். பேத்திக்குக் காய்ச்சல் என்றால் மருமகள் கூட்டிப் போவாள். அவர் வாசலோடு சரி.

வேன் முதலாளி விடவில்லை. "உங்க குடும்ப டாக்டர்கிட்ட கண் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா சாவியை வெச்சிட்டுக் கிளம்புங்க."

வீட்டில் மூன்று வயிறு. டாக்டரின் கிளினிக்குக்குக் கிளம்பினார்.

"என்னம்மா அநியாயம்? காய்ச்சலுக்குப் பார்த்தா இனாம், காகிதத்துக்குக் காசா?"

"சர்டிபிகேட், இன்சூரன்ஸ் பாரம் எல்லாம் தனிக் கட்டணம்யா. போர்டுல போட்டிருக்கே, படிக்கலையா?" என்றாள் கவுன்ட்டர் பெண்.

"படிச்சேன், படிச்சேன்" என்றார், போர்டு இருக்கும் என்று தோன்றிய பக்கம் பார்த்து. "உங்க டாக்டர் கையெழுத்துக்கு விலை உண்டுன்னு எனக்குத் தெரியாதா? இந்தா."

உள்ளே போனார். இருவரும் சௌக்கியம் விசாரித்துக்கொள்ளவில்லை.

"இடது கண்ணை மூடிக்குங்க. அட்டையில கடைசி வரியைப் படிங்க."

எதிர்ச் சுவரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏழு, மூணு, ஒம்பது, ரெண்டு, அஞ்சு."

"இன்னொரு கண்ணு?"

"இதுலயும் அதேதான். ஏழு, மூணு, ஒம்பது..."

தண்ணீர் பட்ட பாடாக வந்தது. போன வாரம் காய்ச்சலோடு வந்த பேத்தியிடம், "கடைசி வரியை மட்டும் எழுதிட்டு வாடா கண்ணு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு வாரமாகக் குளிக்கும்போதுகூட அதே பாராயணம்தான்.

டாக்டர் பேனாவை மூடினார்.

"நீங்க பாத்துட்டிருக்கிறது காலண்டர். அட்டையைப் பக்கத்துச் செவுத்துக்கு மாத்தி நாலு நாள் ஆச்சு."

டாக்டர் கிட்டே வந்து டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். "ரொம்ப முத்திடுச்சு. இது இனிமே கண்ணாடிக்கோ ஆபரேஷனுக்கோ அடங்காது."

"ரெண்டு பங்கு பணம் தர்றேன்."

"வேண்டாம்."

"கால்ல விழணுமா? சொல்லுங்க, விழறேன். உங்களுக்கு ஒரு கிறுக்கல். எனக்கு அடுப்பு எரியணும் டாக்டர்."

"கவுன்ட்டர்ல பணத்தைத் திருப்பித் தரச் சொல்றேன், வாங்கிட்டுப் போங்க."

"பத்தொம்பது வருஷமா ஒரே ரோடு. ஒவ்வொரு பள்ளமும் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்!"

டாக்டர் மேசையில் இருந்த பாரத்தை டிராயருக்குள் வைத்தார்.

"அந்த லாரிக்காரரும் இதே நாற்காலியில உக்காந்து இதையேதான் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்."

பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக அந்தப் பேச்சை எடுக்கிறார். அடுத்து அந்த ஒரு வார்த்தை வந்தே தீர வேண்டும். பெரியவர் காத்திருந்தார்.

டாக்டர் கேட்டது வேறு.

"உங்க வேன்ல முன் சீட்டுல யாரு உக்கார்றா?"

"என் பேத்தி" என்றார், அந்த லாரிக்கு ஒரே மகனைப் பறிகொடுத்தவர்.